ஐந்தாவது ஃபைல்

பம்பு செட் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவரை லைன் அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வேலை என்னவோ ஸ்டோர் கீப்பர். புதிதாகச் சேர்கிறவர்கள், இவர் ஒரு காலத்தில் மின்கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்தவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அவரோ ஸ்டூலில் ஏறவே நாலு தடவை யோசிக்கிற ஆள். மேல் தட்டில் இருக்கும் பேரிங் பெட்டி வேண்டுமென்றால் கேட்டு வந்தவரையே ஏற்றிவிட்டு, தான் கீழே நின்று ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொள்வார்.

அந்தப் பெயர் வாலிபால் மைதானத்தில் வந்தது. பதினெட்டு வருடங்களுக்கு முன்னால், தொழிற்சாலைகளுக்கு இடையே நடந்த போட்டியில் இவர்கள் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. எதிரே டயர் கம்பெனி. ஆட்டம் இவர்கள் தொழிற்சாலையின் பின்புறத்து மைதானத்திலேயே நடந்தது. அண்ணனுக்கு ஆட உடம்பு ஒத்துழைக்காது. ஆடுகிறவர்களை விட்டு விலகியிருக்க மனசு ஒத்துழைக்காது. அதனால் பின்கோட்டு மூலையில் நின்று பந்து உள்ளேயா வெளியேயா என்று சொல்லும் வேலையை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு அணியும் ஒரு கோட்டு நடுவரைக் கொடுக்க வேண்டும் என்பது அந்தப் போட்டியின் வழக்கம். அப்படி நிற்கிறவர் தன் பக்கத்துக்கு ஒரு விரற்கடையாவது சலுகை காட்டுவார் என்பதும் நடுவர் உட்பட எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான்.

ஐந்தாவது செட். பதிமூன்றுக்குப் பதினாலு என்று டயர் கம்பெனி முன்னால் இருந்தது. அவர்கள் அடித்த பந்து தலைக்கு மேல் பறந்து பின்கோட்டை நோக்கி வந்தது. பின்வரிசையில் நின்ற கேப்டன், "விடு, விடு, வெளிய போவுது" என்று கத்திக்கொண்டே தானும் ஒதுங்கினார். பந்து கோட்டருகே விழுந்தது. வலையை ஒட்டிக் குதித்தவர்கள் மறைத்ததால் நடுவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் நேராக அண்ணனைப் பார்த்தார். அண்ணன் இரண்டு கைகளையும் தரையை நோக்கி நீட்டினார். பந்து உள்ளே. சொந்த ஆளே சொன்ன பிறகு சந்தேகம் ஏது? விசில் ஊதியாகிவிட்டது. கோப்பை டயர் கம்பெனி வேனில் ஏறிப் போய்விட்டது.

கேப்டன் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மற்றவர்கள் டீ இடைவேளையில் அவர் வந்தால் எழுந்து போனார்கள். பிறகு கோபம் மெல்ல மெல்லக் கேலியாகிவிட்டது. ஸ்டோருக்கு வந்து போல்ட் வாங்குகிறவர்கள்கூட, "அண்ணே, இது இன்-ஆ அவுட்-ஆ, பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். அண்ணனும் கூடவே சிரிப்பார். யாராவது விடாமல் கிண்டினால் மட்டும், "சுண்ணாம்பு பறந்துச்சு. என் கண்ணால பாத்தேன்" என்று ஒரே பதிலைச் சொல்லுவார். கோடு சுண்ணாம்பால் போட்டது. பந்து கோட்டில் பட்டால்தான் பொடி பறக்கும். அந்தக் கணக்கு அவருக்குச் சரியாக இருந்தது. ஆனால் வருடம் ஆக ஆக, பார்த்ததுதானா, பார்த்ததாக நினைத்துக்கொண்டதா என்ற சந்தேகம் உள்ளே நெருடிக்கொண்டே இருந்தது. உண்மையைச் சொல்லித் தோற்கடித்தேனா, கண் தப்பித் தோற்கடித்தேனா என்பதுதான் அவருடைய கேள்வி. முதலாவது என்றால் தலை நிமிர்ந்து கேலியை வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது என்றால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

இதற்குப் பதில் அவர் வீட்டிலேயே, சாப்பாட்டு அறையின் மூலையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

அன்றைய ஆட்டத்தை ஒரு கல்யாண வீடியோக்காரர் படம் பிடித்திருந்தார். மனுஷனுக்குத் தெரிந்த தொழிலைத்தான் செய்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் முகத்தையும் கழுத்துச் சங்கிலி தெரிகிற மாதிரி எடுத்தார். ஒவ்வொரு செட் முடிவிலும் திரையில் ரோஜா இதழ் கொட்ட வைத்தார். தொழிற்சாலைக்கு ஒரே ஒரு டிவிடி கொடுத்தார். கேன்டீனுக்கு வந்த அன்றே கீழே விழுந்து கீறல்பட்டதால், எப்போது போட்டாலும் கடைசி செட் வந்ததும் சிக்கி நின்று, நேராகப் பரிசளிப்புக்குத் தாவிவிடும். கேன்டீன் மாஸ்டர் யாரோ சொன்னார்கள் என்று அதில் பற்பசை தேய்த்தார். அதற்குப் பிறகு முதல் செட்டும் ஓடவில்லை.

நல்லவேளை, பற்பசைக்கு முந்தைய வாரம் அண்ணன் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் கம்ப்யூட்டரில் நகல் எடுத்து வைத்திருந்தார். டிரைவ் அரை நாள் முக்கி முனகிக் கடைசி செட்டையும் சேர்த்துப் படித்துவிட்டது. கேன்டீனில் யாருமே பார்க்காத கடைசி செட் முழுசாக அவரிடம் இருந்தது. எட்டு வருடமாக அவர் அதைத் திறக்கவில்லை. கேட்டால் நேரமில்லை என்பார். நேரமில்லாதவர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆணிகளை நீளவாரியாகப் பிரித்து டப்பாக்களில் போட்டுக்கொண்டிருப்பார். பயம் என்று சொல்லிவிட்டால் வேலை மிச்சம்.

விஷயத்தைப் போட்டு உடைத்தது அவர் மனைவி. அவர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். கேப்டனின் மனைவி சர்க்கரை பார்க்க வந்தபோது, கேப்டன் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுவதையும், மகள் வீட்டோடு போய்விடப்போவதையும் சொல்லி, "அந்த மேட்ச் சிடியாவது இருந்திருந்தா கொண்டுபோயிருப்பாரு" என்று வருத்தப்பட்டார். ஊசியைக் குத்துவதற்கு முன் பேச்சுக் கொடுப்பது இவர் வழக்கம். பேச்சுவாக்கில், "எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல முழுசா இருக்கே" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை ஸ்டோர் ஜன்னலில் கேப்டனின் தலை தெரிந்தது.

"யோவ், மேட்ச் உன்கிட்ட இருக்காமே? டிஸ்க்கா போட்டுக் குடு. பென்டிரைவெல்லாம் வேண்டாம், சட்டைப் பையிலயே வெச்சுத் துவைக்கப் போட்டுடுவேன். நம்ம பசங்களுக்கும் ஆளுக்கு ஒண்ணு."

"பசங்க" என்று அவர் சொன்னது, தன்னையும் சேர்த்து, அந்த அணியில் இந்த ஊரில் மிச்சமிருந்த எட்டுப் பேரை. அதில் இளையவருக்கு நாற்பத்தைந்து வயது.

"கடைசி செட்டும் இருக்கா?" என்று கேட்டார் கேப்டன்.

"இருக்கும்னு நினைக்கிறேன்" என்றார் அண்ணன்.

பிரிவு உபசாரத்துக்குப் பதினாறு நாள் இருந்தது. அன்று சாயங்காலமே கம்ப்யூட்டரின் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்தார். ஃபோல்டரைத் திறந்தார். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு ஜிபி கனத்தில் ஐந்து ஃபைல்கள் வரிசையாக இருந்தன. ஐந்தையும் அப்படியே ஒரு காலி டிஸ்க்கில் எழுதினார். பத்து நிமிடத்தில் டிரே வெளியே வந்தது. இவ்வளவுதானா என்று துள்ளாத குறையாகப் போய் டிவி பிளேயரில் போட்டார். பிளேயர் டிஸ்க்கை உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு, டிஸ்க்கே இல்லை என்று சொல்லிவிட்டது.

மச்சானுக்கு போன் போட்டார். மனைவியின் தம்பி, ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். கம்ப்யூட்டர் விஷயத்தில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது அவருடைய அபிப்பிராயம். சில சமயம் அது உண்மையாகவும் இருந்துவிடும்.

"மாமா, அந்த ஃபோல்டர்ல குட்டிக் குட்டியா வேற ஃபைல் இருக்கும் பாருங்க. பத்து கேபி, பதினஞ்சு கேபின்னு."

"அதுவா? அது எதுக்கு? அப்பவே அழிச்சிட்டேன்."

ஸ்டோரில் அண்ணனின் சட்டம் ஒன்று உண்டு. பெயர்ச்சீட்டு இல்லாத சின்னச் சாமான் எதுவானாலும் வருடத்துக்கு ஒரு முறை பழைய இரும்புக்குப் போய்விடும். அதே கையோடு வீட்டு ஃபோல்டரையும் சுத்தம் செய்திருந்தார்.

"மாமா, அந்தக் குட்டி ஃபைல்தான் பிளேயருக்கு வழி சொல்றது. எது முதல்ல, எது அப்புறம், சத்தம் எங்க, படம் எங்கன்னு எல்லாம் அதுலதான் இருக்கும். அது தொலைஞ்சுடக் கூடாதுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு நகலும் வெச்சிருப்பான்."

"அதையும் அழிச்சிட்டேன். ஒரே சாமான் ரெண்டு இருக்கேன்னு."

சமையலறையிலிருந்து மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, ஊசிமுனையளவு சமாசாரத்தை எண்ணி எழுதுகிறவர் அவர். "சின்னதா இருந்தா குப்பைன்னு நினைக்கிற மனுஷனோட எப்படித்தான் இத்தனை வருஷம் ஓட்டினேனோ" என்று தம்பிக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். அவர் உயரம் ஐந்தடிக்குக் கீழே.

மச்சான் ஒரு மென்பொருளையும், கடையில் விலை போகாமல் கிடந்த காலி டிஸ்க் கட்டு ஒன்றையும் கொண்டுவந்து இறக்கினார். ஐந்து ஃபைலையும் ஒன்றாகக் கோத்து, புதிதாக மாற்றி, அந்தக் குட்டி ஃபைல்களையும் புதிதாக உண்டாக்கி எழுதினால்தான் பிளேயர் ஒத்துக்கொள்ளும் என்றார். "முதல்ல ஒண்ணாவது ஃபைலை மட்டும் போட்டுப் பாருங்க மாமா. சரியா வந்தா மொத்தத்தையும் போடலாம்." அண்ணனுக்கு இந்த யோசனை மிகவும் பிடித்தது. ஒன்றாவது ஃபைலில் முதல் செட்தான் இருக்கும்.

முதல் முயற்சியில் படம் ஓடியது. ஆனால் எல்லோரும் பக்கவாட்டில் இழுபட்டுக் குட்டையும் குண்டுமாக ஓடினார்கள். கேப்டன் நெட்டுக்கு மேல் எழும்பியபோது அண்டா ஒன்று எழும்பிய மாதிரி இருந்தது.

"நான் இவ்வளவு குண்டா இருந்தேனா?" என்று கேட்டார் அண்ணன், திரையில் கோட்டருகே நின்றவரைக் காட்டி.

"அது சரியாத்தான் இருக்கு. மத்தவங்கதான் மாறியிருக்காங்க" என்றார் மனைவி.

அகலப் படம், சதுரப் படம் என்று இருந்ததை மாற்றி அமைத்ததும் மனிதர்கள் மனிதர்களானார்கள். இனி தள்ளிப்போட வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து ஃபைலையும் கோத்து மாற்றப் போட்டார். பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்கிக்கொண்டு நாலு மணி நேரம் எடுத்தது. மிக்சி போட்டால் ஃபியூஸ் போய்விடும் என்று அன்று சமையலறையில் எதையும் அரைக்க அனுமதி இல்லை. மனைவி ரொட்டி வாங்கிவந்து மேஜையில் வைத்துவிட்டு, "இந்த மேட்ச்ல யார் ஜெயிச்சாலும் தோத்தது என் வயிறுதான்" என்றார்.

மதியம் டிஸ்க் தயார். அண்ணன் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, ரிமோட்டில் தாவித் தாவி கடைசி செட்டுக்கு வந்தார். பதிமூன்றுக்குப் பதினாலு. பந்து எழும்பியது. அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டார். விசில் சத்தம் கேட்டது. அதற்கப்புறம்தான் பந்து தரையில் விழுந்தது.

அவருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. "பாத்தியா? விசில் முன்னாடியே ஊதிட்டாரு. அப்ப அந்தப் பாயிண்டே செல்லாது. நான் என்ன சொல்லியிருந்தா என்ன, திரும்ப ஆடியிருக்கணும். தப்பு நடுவர் மேல" என்று வீடு முழுக்க நடந்தார். எழுந்து போய், பதினெட்டு வருடத்தில் முதன்முறையாக, மனைவிக்கு டீ போட்டுக்கொண்டும் வந்தார்.

மனைவி டீயை வாங்கிக்கொண்டு படத்தை இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்தார். "என்னங்க, அங்க பாருங்க. ஜனங்க கைதட்டுற சத்தம் கேக்குது. கை இன்னும் மடியிலதான் இருக்கு."

சத்தம் படத்தை விட ஒன்றரை நொடி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. முதல் ஃபைலில் சரியாக இருந்தது, ஒவ்வொரு ஒட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, ஐந்தாவதுக்கு வரும்போது இவ்வளவு ஆகியிருந்தது. அண்ணன் உட்கார்ந்தார். டீ நன்றாக இருந்தது என்று மனைவி சொன்னது அவர் காதில் விழவில்லை.

மச்சான் வந்து ஒட்டுகளைச் சரிசெய்தார். அடுத்த ஞாயிறு மறுபடி நாலு மணி நேரம், மறுபடி ரொட்டி. இந்த முறை விசில் விசிலாகவும் கைதட்டல் கைதட்டலாகவும் வந்தன. பந்து விழுகிற இடத்தில் அண்ணன் படத்தை நிறுத்தினார். மூவரும் டிவியின் அருகே போய்க் குனிந்தார்கள்.

திரையில் பந்து சீப்புப் பல் மாதிரி வரிவரியாகப் பிளந்து தெரிந்தது. ஒரு வரியில் பந்து கோட்டின் மேல், அடுத்த வரியில் கோட்டுக்கு வெளியே, அதற்கடுத்த வரியில் மறுபடி கோட்டின் மேல்.

"இது பழைய கேமராவோட வேலை மாமா" என்றார் மச்சான். "ஒவ்வொரு படத்தையும் ரெண்டு பாதியா எடுத்துக் கோத்துடும். ஒரு பாதி எடுத்து, கண் சிமிட்டுற நேரத்துக்கு அப்புறம் மறு பாதி. நின்னுட்டிருக்கறது நல்லா தெரியும். ஓடுற பந்து இப்படி ரெண்டு இடத்துல தெரியும்."

"அப்ப பாதி உள்ள, பாதி வெளிய" என்றார் மனைவி. "நீங்க பாதி சரி. விட்டுடுங்க."

விட்டிருக்கலாம். அந்த நிமிடம் விட்டிருந்தால் ஆயுசுக்கும் பாதி சரி என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் ஸ்டோரில் இருப்பு பாதி சரி என்று ஒன்று கிடையாது. "இதைப் பிரிக்க முடியுமா?" என்று கேட்டார். முடியும், ஒரு இடத்தில் டிக் போட்டால் அந்த மென்பொருளே இரண்டு பாதிகளையும் தனித்தனிப் படமாக்கிவிடும் என்றார் மச்சான். அண்ணனே டிக் போட்டார். கடைசி ஃபைலை மட்டும் மாற்ற ஒரு மணி நேரம் பிடித்தது. அதற்குள் மச்சான் கடை திறக்கப் போய்விட்டார். மனைவி துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தார்.

அண்ணன் தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு படமாக நகர்த்தினார். பந்து இறங்கியது. இன்னும் இறங்கியது. தரையைத் தொட்டது. கோட்டுக்கும் பந்துக்கும் நடுவே நாலு விரல் அகலத்துக்கு வெறும் மண் தெரிந்தது. சுண்ணாம்பு பறக்கவில்லை. இரண்டு படம் கழித்துத்தான் பறந்தது. பின்னால் ஒதுங்கிய கேப்டனின் குதிகால் கோட்டை மிதித்ததால் பறந்தது. அண்ணன் பார்த்த சுண்ணாம்பு நிஜம்தான். அது பந்து கிளப்பியது இல்லை, அவ்வளவுதான்.

பந்து வெளியே. தப்பு அவருடையது.

மனைவி காலி வாளியோடு இறங்கி வந்தபோது அவர் மென்பொருளில் வேறொரு இடத்தைத் திறந்து வைத்திருந்தார். படத்தை எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம் என்கிற இடம். பதிமூன்றுக்குப் பதினாலு என்று பலகை காட்டுகிற இடத்தில் வெட்டி, பரிசளிப்பில் கொண்டுபோய் ஒட்டினால், கேன்டீன் டிஸ்க் தாவியது போலவே இதுவும் தாவும். யாருக்கும் சந்தேகம் வராது. கத்தரிக்கோல் படம் போட்ட பொத்தானின் மேல் அம்புக்குறி நின்றுகொண்டிருந்தது.

மனைவி திரையைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது.

"வெட்டுங்க. யார் கேக்கப்போறா" என்று வாளியைக் கீழே வைத்தார். அப்புறம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "ஒரு தடவை நான் ரெண்டு பேரோட ரிப்போர்ட்டை மாத்திக் குடுத்துட்டேன், ஞாபகமிருக்கா? நானே போன் பண்ணிச் சொன்னேன். அந்த ஆள் அரை மணி நேரம் திட்டினாரு. அன்னைக்கு நான் ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்" என்றார்.

"இது ரத்தம் இல்லையே. வாலிபால்."

"அதான் சொல்றேன், வெட்டுங்க."

அண்ணனுக்குக் கோபம் வந்தது. மனைவி மேல் இல்லை. பதினெட்டு வருடம் எல்லோர் கேலியையும் தாங்கினதே, உண்மையைச் சொன்னோம் என்கிற ஒரே தைரியத்தில்தான். இப்போது வெட்டினால் அந்தத் தைரியத்துக்கும் பொருள் இல்லாமல் போய்விடும். அம்புக்குறியை நகர்த்தி, வெட்டுகிற பெட்டியை மூடினார். மனசு ஆறவில்லை. ஆனாலும் மூடினார்.

பிரித்த கடைசிப் பகுதியையும் சேர்த்து, அடுத்த நாலு நாள் சாயங்காலமும் டிஸ்க் எழுதினார். வேகமாக எழுதினால் பழைய பிளேயர்கள் முரண்டு பிடிக்கும் என்று மச்சான் சொன்னதால் இருப்பதிலேயே மெதுவான வேகம் வைத்தார். ஒவ்வொன்றையும் கடைசியில் முத்திரை போட்டு முடிக்கச் சொல்லும் இடத்தில் டிக் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தார். அந்த டிக் விட்டுப்போனால் எழுதிய கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். ஒவ்வொரு டிஸ்க்கையும் டிவியில் போட்டு, தொடக்கமும் நடுவும் முடிவும் ஓடுகிறதா என்று பார்த்து, உறையில் போட்டு, பெயர்ச்சீட்டு ஒட்டினார். முடிவைச் சரிபார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பந்து நாலு விரல் தள்ளி விழுந்தது. எட்டு டிஸ்க்கிலும் ஒரே இடத்தில்தான் விழுந்தது.

சனிக்கிழமை மதியம் கேன்டீன் ஹாலில் பிரிவு உபசாரம். மேலாளர் பேசிவிட்டுப் போன பிறகு, பழைய அணியும் குடும்பங்களும் மட்டும் டிவியைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கேன்டீன் மாஸ்டர் டிஸ்க்கை வாங்கி விளிம்பைத் துடைக்கப் போனார். "கை வைக்காத" என்று எட்டுப் பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

படம் ஓடியது. சிரித்துச் சிரித்து அவர்களுக்கு வயிறு வலித்தது. எட்டுப் பேரில் ஒருவரான பேக்கிங் செக்ஷன்காரரை, தலைமுடி இருந்த காலத்து உருவத்தில் பார்த்து அவர் மனைவியே யாரென்று கேட்டார். அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர், ஐந்து வருடம் முன்னால் தவறிப்போனவர், திரையில் ஓடிவந்து கையைத் தட்டிக்கொண்டபோது சிரிப்பு நின்றது. பிறகு ரோஜா இதழ் கொட்டியது, மறுபடி சிரித்தார்கள்.

கடைசி செட் வந்தது. கேன்டீன் டிஸ்க் தாவுகிற இடம் தாண்டியும் இது தாவாமல் ஓடியபோது நாற்காலிகள் முன்னால் நகர்ந்தன. பந்து எழும்பியது, விழுந்தது, அண்ணன் திரையில் கைகளைக் கீழே நீட்டினார். "அதோ நம்ம லைன் அண்ணன்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் வழக்கம்போல ஓ என்று கத்தினார்கள். பந்து விழுந்த இடத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. படம் பரிசளிப்புக்குப் போய்விட்டது.

அண்ணன் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவர் எழுந்து போய் ரிமோட்டை எடுத்தார். படத்தைப் பின்னால் ஓட்டி, பந்து தரையைத் தொடும் இடத்தில் நிறுத்தினார்.

"இது வெளிய" என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "நாலு விரல் வெளிய. சுண்ணாம்பு பறந்தது பந்தால இல்ல. நான் தப்பா சொல்லிட்டேன். உங்க கோப்பை என்னாலதான் போச்சு."

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஆயுசு முழுக்க அவரைக் கேலி செய்தே பொழுதைப் போக்கின பேக்கிங் செக்ஷன்காரர் எழுந்து, "அதெல்லாம் இல்லண்ணே. லைன்ல பட்டிருக்கு" என்றார்.

"படல. பக்கத்துல வந்து பாரு."

"இந்த டிவில என்ன தெரியும்? பக்கத்துல நின்ன மனுஷன் நீங்க, உங்களுக்குத் தெரியாததா இந்தப் பொட்டிக்குத் தெரிஞ்சிடும்?"

"நான் சொல்றேன், வெளிய."

"நீங்க அப்ப சொன்னதுதாண்ணே சரி. மாத்திப் பேசாதீங்க."

நாலு பேர் அண்ணனின் பழைய தீர்ப்புக்காக அண்ணனோடேயே சண்டை போட்டார்கள். மற்ற மூன்று பேர் டிவிக்குப் பக்கத்தில் போய் விரலை வைத்து அளந்தார்கள். கேப்டன் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக எழுந்து வந்தார். "ஓட்டு" என்றார். அண்ணன் ஓட்டினார். "திருப்பி ஓட்டு" என்றார். மூன்று முறை பார்த்தார்.

"அந்தக் குதிகால் என்னோடது" என்றார்.

"ஆமா கேப்டன்."

"அப்ப நான் விடுன்னு சொன்னது சரிதான்."

"சரிதான்."

கேப்டன் கண்ணாடியைக் கழற்றினார். கண்களைத் துடைத்தார். "யோவ், உன் மேல எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லய்யா. நீ பொய் சொல்ல மாட்டேன்னு தெரியும். நீ இன்னுன்னா அது இன்தான். அப்ப நான் அந்தப் பந்தை விட்டது தப்புன்னு ஆயிடுச்சுல்ல? ரெண்டு மாசம் உன்கிட்ட பேசலன்னா, கோபத்துல இல்ல. உன் மூஞ்சியப் பாத்தா என் தப்பு ஞாபகம் வருது. ஒரு கை நீட்டியிருந்தா எடுத்திருக்கலாமேன்னு எத்தனை வருஷம் யோசிச்சிருக்கேன் தெரியுமா? பேத்திகிட்டகூடச் சொல்லிப் புலம்பியிருக்கேன்."

அண்ணன், மூடிய அந்தக் கத்தரிக்கோல் பெட்டியை நினைத்தார். வெட்டியிருந்தால் இந்த மனுஷன் அந்தத் தப்பையும் மூட்டை கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போயிருப்பார். ரிமோட்டைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார் அண்ணனின் மனைவி பின்னாலிருந்து. எண்ணிப் பழகினவர். "பதிமூணு பதினாலு இருந்துச்சு. இது அவுட்டுன்னா பாயிண்ட் நமக்கு. பதினாலு பதினாலு. ரெண்டு பாயிண்ட் வித்தியாசம் வந்தாத்தானே முடியும்? மேட்ச் இன்னும் முடியவே இல்லையே."

எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேப்டன் ஓய்வு பெற இன்னும் இரண்டரை மணி நேரம் பாக்கி இருந்தது.

பின்புறத்து மைதானம் இப்போது ஸ்கூட்டர் நிறுத்தும் இடம். ஆளுக்கு இரண்டாகத் தள்ளி ஓரம் கட்டினார்கள். நெட் இல்லை, இரண்டு கம்பத்துக்கும் நடுவே ஸ்டோரிலிருந்து அண்ணன் கொண்டுவந்த கயிறு ஒன்று கட்டப்பட்டது. கேன்டீன் மாஸ்டர் மைதா மாவால் கோடு போட்டார். எதிரணி என்று யாரும் கிடையாது, யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. பந்தை எங்கிருந்தோ தேடி எடுத்து வந்தார்கள், காற்று கொஞ்சம் குறைவு. அன்றைய வரிசைப்படி சர்வீஸ் கேப்டனுடையது என்று பேக்கிங் செக்ஷன்காரர் கணக்குச் சொன்னார். யார் எங்கே நிற்பது என்று பேச்சு வந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம், பின்கோட்டு மூலையில் யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அண்ணன் அங்கே போய் நின்றுவிட்டிருந்தார்.

கேப்டன் தோல் செருப்பைக் கழற்றிவிட்டு, பந்தை இரண்டு முறை தரையில் தட்டி, முழு பலத்தையும் கொடுத்து அடித்தார். பந்து கயிற்றைத் தாண்டியது, கோட்டைத் தாண்டியது, சுற்றுச்சுவர்ப் பக்கமாகப் போய் யாருடைய ஸ்கூட்டர் சீட்டிலோ விழுந்து எகிறியது. மூன்று ஆள் நீளத்துக்கு அவுட். பிறவியிலேயே பார்வையில்லாதவருக்கும் தெரிந்திருக்கும்.

ஆனாலும் எட்டுப் பேரும் திரும்பி லைன் அண்ணனைத்தான் பார்த்தார்கள். அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். அண்ணன் நெஞ்சு நிமிர்ந்து நின்று, இரண்டு கைகளையும் மேலே தூக்கி, "அவுட்" என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை.